வளவன் போடாத கையெழுத்து

வளவன் மட்டும் கையெழுத்துப் போடல.

முன்னூத்திப் பதினோரு பேர் போட்டாச்சு. கீழ்வேளூர் கடைத்தெருவுக்குப் போயிட்டிருந்தவங்களக்கூட நிறுத்தி வாங்கியாச்சு. எங்கூட பத்தாவது வரைக்கும் ஒரே வகுப்புல படிச்சவன், இவன் மட்டும் மாட்டேன்னுட்டானாம்.

விஷயம் இதுதான். புதுப் பிரதமர் மந்திரிங்க பட்டியல வெளியிட்டாரு. அன்னைக்கி சாயங்காலமே எங்க ஊரு கொதிச்சுப் போச்சு. அத்தன பேர்ல நம்ம டெல்டா பக்கத்து ஆளு ஒருத்தர்கூட இல்ல.

"ரெண்டு பேரு பிரதமருக்கு மச்சானாம், ஒருத்தரு சம்பந்தியாம்," டீ ஆத்திக்கிட்டே சொன்னாரு முபாரக் பாய். "கல்யாண வீட்டு மொதப் பந்தி மாதிரில்ல இருக்கு."

"விவசாயத்த யாருக்குக் குடுத்திருக்காங்க பாய்?"

"முன்னாடி விமானத் துறை பாத்தவராம்."

"அப்ப சரி. நம்ம வயல மேலேருந்தே பாத்துட்டுப் போயிடுவாரு."

எல்லாரும் சிரிச்சாங்க. எங்கப்பா குணசேகரன் மட்டும் சிரிக்கல. அவருதான் எங்க ஊரு தண்ணிக் கமிட்டித் தலைவரு. வாய்க்கால்ல தண்ணி வந்தா எந்த வயலுக்கு எந்த நாளு மொறைன்னு அவரும் இன்னும் நாலு பேரும்தான் முடிவு பண்ணுவாங்க.

"ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைன்னா அவ்வளவு எளக்காரம். பூர்ணிமா, ஒரு மனு எழுதும்மா. பிரதமருக்கே அனுப்புவோம்"னாரு.

எனக்குக் கேக்கணுமா? இ-சேவை மையத்துல வேலை. அடங்கல் கேட்டு ஒருத்தர், வருமானச் சான்றிதழ் கேட்டு ஒருத்தர்னு வந்துக்கிட்டே இருக்க, நடுநடுவுல தட்டி முடிச்சுட்டேன். அதுல இந்த எடம் எனக்கே ரொம்பப் புடிச்சுப் போச்சு:

'பதவிகளை எல்லாம் உறவினருக்கும் அருகில் இருப்போருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு, கடைமடையில் கிடக்கும் எங்களுக்காகப் பேச ஒருவரைக்கூட வைக்காதது என்ன நியாயம்? எங்கள் பயிர் காய்வதை உங்களிடம் யார் வந்து சொல்வார்கள்?'

ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். கைதட்டல் பொம்மையா வந்து குமிஞ்சுது.

இவன் என்னடான்னா முடியாதுங்கறான்.

"குவைத் காசுல ரெண்டு ஏக்கர் வாங்கிட்டா ஊரத் தூக்கி எறிஞ்சுடுவானாமா?" ன்னாரு சித்தப்பா.

"எந்தக் கட்சியில சேந்துட்டானோ," ன்னாரு மாமா.

நான் போயிக் கேக்கறேன்னு ஸ்கூட்டிய எடுத்தேன்.

எங்க வயல் ஓரம் வாய்க்கா தளும்ப ஓடிக்கிட்டிருந்துச்சு. கொஞ்ச தூரம் போனா முழங்கால் அளவு. அப்புறம் கணுக்கால். வாய்க்காலோட கடைசியில, வளவன் வயல்கிட்ட, வெறும் வெடிப்பு.

அவன் நாத்தங்கால்ல குந்தி நாத்த அறுத்துக்கிட்டிருந்தான். வரப்புல ரெண்டு ஆடு மென்னுக்கிட்டு நின்னுச்சு.

"என்னடா இது, நாத்தப் போயி ஆட்டுக்குப் போடற?"

"முப்பத்தஞ்சு நாளாச்சு. முத்துன நாத்த நட்டு என்ன பண்றது. ஆடாவது திங்கட்டும்."

"ஏன் இன்னும் நடல?"

"எதுல நட? மேட்டூர் தொறந்து ஒரு மாசம். எங்க மொறை இன்னும் வரல."

"கமிட்டியில சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாமலா? உங்கப்பாகிட்டப் போனேன். சித்தப்பாவப் பாருன்னாரு. சித்தப்பா, உங்க மாமாவப் பாருன்னாரு. மாமா, வாய்க்கா ஆரம்பிக்கற தலைப்புல எங்க வயலெல்லாம் நட்டு முடியட்டும்னாரு. கமிட்டியில மிச்சம் ரெண்டு பேரும் உங்க பெரியப்பா மவனுங்க. அவங்க போனே எடுக்கல."

நான் ஸ்கூட்டியிலேருந்து மனுவ எடுத்தேன்.

"இந்தக் குறுவை வெளச்சல எடுத்துட்டா இங்கயே இருந்துடலாம்னு நெனச்சேன்," ன்னான். "நேத்து குவைத்துக்கு டிக்கெட் போட்டாச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"அப்பாகிட்ட நான் பேசறேன்டா. ஆனா இது வேற விஷயம். நாட்டு விஷயம். ஒரே ஒரு கையெழுத்துதானே."

அருவாள வரப்புல வச்சான். எந்திரிச்சு, கைய கைலியில தொடச்சுக்கிட்டு மனுவ வாங்குனான். நின்ன வாக்குல முழுசாப் படிச்சான். எனக்குப் புடிச்ச அந்த எடத்த மட்டும் ரெண்டு தடவ படிச்சான்.

"நல்லா எழுதியிருக்க. பத்தாவதுலயும் கட்டுரைன்னா நீதான் மொத மார்க்கு."

"அப்பப் போடு."

"போடறேன். மேல 'மாண்புமிகு பிரதமர்'னு இருக்குல்ல, அத மட்டும் அடிச்சுட்டு உங்கப்பா பேரப் போட்டுக் கொண்டா. மத்தபடி ஒரு எழுத்தக்கூட மாத்த வேணாம்."

பேப்பர எங்கிட்ட நீட்டிட்டு, திரும்பவும் குந்தி அறுக்க ஆரம்பிச்சுட்டான்.

வாங்கிப் பாத்தேன். அப்பா பேரு அதுல ஏற்கெனவே இருந்துச்சு.

கீழ, 'இப்படிக்கு, கடைமடை மக்கள்'ங்கற எடத்துல. மொதக் கையெழுத்தே அவரோடதுதான்.