சர்வேயர் வந்த காலை

வெள்ளம் வடிந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னது: எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாதீர்கள். தணிகாசலம் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். முன்னறையில் இருந்த துணிக்கடை முழுசாக மூழ்கிப்போயிருந்தது. இழப்பீடு வந்தால்தான் மறுபடி கடை. மனைவி குமுதவல்லி கை வைத்துவிடக்கூடாதே என்று துடைப்பத்தைக்கூட ஒளித்துவைத்தார். பத்தொன்பது நாள் அவள் அந்தச் சேற்று நாற்றத்திலேயே சோறு வடித்தாள்.

இருபதாம் நாள் காலை, கம்பெனி அனுப்பிய சர்வேயரை பஸ் ஸ்டாண்டிலிருந்து தணிகாசலமே அழைத்துவந்தார். வாசலில் கோலம். உள்ளே பினாயில் வாசனை. சுவரில் வெள்ளம் போட்டிருந்த கோட்டையும் காணோம், அழுகிய துணி மூட்டைகளையும் காணோம்.

"குப்பை வண்டியில ஏத்திட்டேன். வெளி மனுசர் வர்ற வீட்டை அப்படியா போட்டு வைக்கிறது?" என்று குமுதவல்லி காபியை நீட்டினாள்.

சர்வேயர் நல்ல மனிதர், குடித்தார். "தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சும்மா?"

அவள் போய் நின்று, கழுத்துக்கு நேராகச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஆள் நிக்கிற படம் செல்லாதும்மா. கொஞ்சம் தள்ளிக்குங்க."

தள்ளிக்கொண்டாள். சர்வேயர் பளிச்சென்றிருந்த சுவரைப் படம் பிடித்தார். அவள் கை மட்டும் கழுத்தளவிலேயே அந்தரத்தில் நின்றது. வாய்வரை வந்த வசவைத் தணிகாசலம் விழுங்கிக்கொண்டார்.

"போதும் குமுதா, கையை இறக்கு."

அவள் இறக்கவில்லை.