நீல டப்பா

"உண்மையைச் சொல்லு செல்லக்கண்ணு. உருண்டையை நீதான் சாப்பிடுறியா, இல்ல யாருக்காவது விக்கிறியா?"

உமாதேவி போட்ட சத்தத்தில் சித்தாள் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 1997. மைசூர் விஜயநகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்த செல்லக்கண்ணு, ஏழு மாத வயிற்றோடு, தலைச் சும்மாட்டைக்கூட இறக்காமல் நின்றாள்.

உமாதேவி உணவு ஆராய்ச்சிக்காரி. இரும்புச் சத்தைக் கடற்பாசிப் பசைக்குள் அடைத்து, கடுகு போல மணிகளாக்கி, கேழ்வரகும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டையில் கலந்து, ரத்தம் குறைந்த கர்ப்பிணிகளுக்குத் தினமும் கொடுத்து வந்தாள். மணி வயிற்றுக்குள் போய்த்தான் கரையும். நாக்குக்கு இரும்பின் கசப்பு தெரியாது. செல்லக்கண்ணுவுக்குச் சிவப்பு டப்பா. கூட வேலை செய்யும் மாரக்காளும் பிள்ளைத்தாய்ச்சிதான், அவளுக்கு நீல டப்பா.

மூன்று மாதமாகியும் செல்லக்கண்ணுவுக்கு ரத்தம் சரியாக ஏறவில்லை. உமாதேவியின் கட்டுரையோ டெல்லிக்குப் போயாக வேண்டும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"விக்கலீங்க டாக்டரம்மா."

"அப்புறம் எங்க போகுது? புருஷனுக்கா?"

"பாதிய மாரக்காளுக்குக் குடுத்துர்றனுங்க."

"அவளுக்குத்தான் தனியா குடுக்கிறோமே. சும்மா கிடைச்சா உங்களுக்கெல்லாம் அருமை தெரியாது. இன்னையோட உன் பேரை எடுத்துடறேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிருந்தோமில்ல, அதையும் மறந்துடு."

செல்லக்கண்ணு சும்மாட்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள். முதல் பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. அவள் பிழைத்ததே பெரிய காரியம்.

"கோவிச்சுக்காதீங்க. அவளோட உருண்டையில மருந்து இல்லீங்க."

உமாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. பல்லுல மணி நசுங்குனா என்னுது துருவாட்டம் கசக்குது. மத்தியானம் எல்லாரும் ஒண்ணாத்தான உக்காந்து திங்கறோம். அவளுத ஒருக்கா வாங்கித் தின்னு பாத்தேன். சப்புன்னு இருந்துச்சுங்க."

உமாதேவி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு வெறும் மணிதான் என்பது ஆராய்ச்சியின் ஏற்பாடு. அதை அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. மாரக்காளுக்கு மற்ற எல்லாரையும் விட ரத்தம் குறைவு என்பது உமாதேவிக்கு முதல் நாளே தெரியும்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?" குரல் இறங்கிவிட்டது.

"சொன்னா, மருந்து போட மறந்தவங்களுக்கு வேலை போயிருமுங்களே" என்றாள் செல்லக்கண்ணு. "பாவம், யாரோ கைமறதியா விட்டிருப்பாங்க. வாயும் வயிறுமா இருக்கறவளுக்குத் தெரிஞ்சே யாராச்சும் வெறும் உருண்டையக் குடுப்பாங்களா?"