நூறு வருஷச் சிரிப்பு

"ஒரு சிட்டிகை தேய்ச்சா நூறு வருஷம் சிரிப்பு!" முகக்கவசத்துக்குள் பாடிக்கொண்டே பல் டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவருக்குப் பல்வலியே மறந்துபோனது.

"அட, எங்க பல்பொடி விளம்பரம்! முப்பத்தஞ்சு வருஷமாச்சு, இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களே டாக்டர்!"

"மறக்கற பாட்டா அது?" என்றார் டாக்டர்.

காலையில் முன்பதிவுச் சீட்டில் பெரியவர் பெயரைப் படித்ததிலிருந்தே டாக்டருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. டீயில் பிஸ்கட்டைக் கூழாகும்வரை ஊறவைத்து விழுங்கும்போதே, இந்த ஆளை இன்று சும்மா விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

பெரியவருக்கு வலி முன்பல்லில். மறுநாள் டிவியில் பழைய விளம்பரங்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. பல்பொடி முதலாளியே நேரில் வந்து, பாடி, பல் தெரியச் சிரிக்க வேண்டுமாம்.

"எப்படியாவது இந்தப் பல்லைக் காப்பாத்திக் குடுத்துடுங்க. நாளைக்கு நாடே பாக்கும்."

காப்பாற்றக்கூடிய பல்தான். எக்ஸ்ரே அதைத் தெளிவாகவே காட்டியது. டாக்டர் எக்ஸ்ரேயைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊசியைப் போட்டார்.

"அந்த விளம்பரத்துல ரெண்டு பசங்க வருவாங்களே சார்?"

"ஆமா! பல்லுல கரி பூசின ஒருத்தன் அழுவான். இன்னொருத்தன் பளிச்சுனு சிரிப்பான். அழுதவன் பாடுதான் திண்டாட்டம். பள்ளிக்கூடமே 'சொத்தை, சொத்தை'ன்னு ஓட்டுச்சாம்." பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சிரிச்சவனுக்கு ராஜயோகம்! ஊர் ஊரா மேடை ஏத்தி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எங்க பொடியில பல்லு தேய்க்க வெச்சோம். வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போச்சு."

"உங்க வீட்டுலயும் அதே பொடிதானா?"

"நல்லா கேட்டீங்க போங்க! பாதிக்குப் பாதி செங்கல் தூள் அது. எங்க வீட்டுல யாரையும் தொடவே விட்டதில்ல."

டாக்டருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தட்டிலிருந்து குறடை எடுத்தார்.

பெரியவர் முகம் வெளுத்தது. "எதுக்கு டாக்டர் குறடு? பிடுங்கவா போறீங்க?"

"வேரோட."

அந்தக் கண்களில் இருந்த ஆத்திரத்தைப் பார்த்ததும்தான் பெரியவருக்கு ஏதோ உறைத்தது. "டாக்டர்... அந்த அழுத பையன்... நீங்களா?" மரத்துப்போன உதடு குழறியது.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசை, கீழ்வரிசை என இரண்டு பல்செட்டையும் கழற்றித் தட்டில் வைத்தார்.

பிறகு பொக்கை வாயைத் திறந்து நிதானமாகச் சொன்னார்:

"இல்ல சார், சிரிச்ச பையன்."