மேஜருக்கு வரவேற்பு

"மேஜர் உக்கார இது பத்துமா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் தச்சர். பக்கத்து வீட்டு சோபாவைத் தலையில் சுமந்து வந்து வாசலில் போட்டிருந்தார்.

மகன் போய் ஒரு வருஷம். ராணுவத்தில் போக்குவரத்துப் பிரிவு. மலைமேல் இருந்த முகாமுக்குச் சாமான் கொண்டுபோனபோது குண்டு விழுந்தது. இருபத்திரண்டு வயது.

"பெரிய லாரி ஓட்டினான் என் பையன்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் தச்சர்.

போன வாரம் மகனுடன் வேலை பார்த்த சிப்பாய் போன் செய்தான். "மேஜருக்கு ரிட்டயர்மென்ட் ஆயிடுச்சும்மா. போற வழியில உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன். அன்னிக்கு மேஜர் முதுகுலதான் உங்க பையன் கீழ வந்து சேர்ந்தான்."

அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சாப்பிட என்னப்பா செய்யட்டும்?"

"கேரட்னா மேஜருக்கு உயிர்மா."

கேரட் வறுவல், கேரட் இனிப்பு, கேரட் சாறு என்று அடுக்களை முழுக்கச் சிவந்து கிடந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு மேஜரிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது: கடைசியாக அவன் என்ன சொன்னான்?

லாரி வந்து நின்றது. சிப்பாய் குதித்திறங்கி, பின்பக்கம் பலகையைச் சாய்த்தான். "மெதுவா, மேஜர்... மெதுவா."

பலகை அதிர இறங்கியது ஒரு கோவேறு கழுதை.

"மாண்புமிகு..." என்று ஆரம்பித்த தையல்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"மேஜர் எங்கப்பா?" என்றார் தச்சர்.

"இதாங்கப்பா மேஜர். உங்க பையன் வச்ச பேரு. மேஜர்னு கூப்பிட்டாத்தான் நகரும். அந்த மலையில லாரி எங்க போகும்? எங்க பிரிவுல எல்லாச் சாமானும் இதுங்க முதுகுலதான்."

"என் பையன்... கழுதையா ஓட்டினான்?" தச்சர் சோபாவிலேயே சரிந்தார். தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கழுதை நேராக அம்மாவிடம் போய் அவள் தோளில் மூக்கை வைத்தது. தள்ளப்போனவள் நின்றாள். லீவில் வரும்போதெல்லாம் மகன் சட்டையில் அடித்த வாடை. எத்தனை துவைத்தும் போகாத அதே வாடை.

இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நீண்ட காதில் ஏதோ கேட்டாள். காது ஒருமுறை அசைந்தது. அழுகையும் சிரிப்புமாகத் தலையாட்டிக்கொண்டாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிப்பாயிடம் திரும்பினாள்.

"நீ கெளம்புப்பா. மேஜர் வரமாட்டார்."