ஜாபேஸ் சொன்ன சுற்றுகள்

பாளையங்கோட்டையில் அந்த உள்ளூர் கேபிள் சேனலுக்கு ஒரே அறைதான். சென்ற தேர்தலில் அங்கே செய்தி வாசிக்கும் எப்சி தோற்றவரை வென்றவராக அறிவித்துவிட்டாள். இன்னொரு தவறு நடந்தால் வேலை போய்விடும்.

இந்த முறை பெரிய சேனல்கள் எல்லாம் வெற்றியாளர் பெயரைப் போட்டுவிட்டன.

"நாமளும் போடும்மா, இன்னும் என்ன யோசிக்க?" என்றார் முதலாளி அருளப்பன்.

அப்போது வாக்கு எண்ணும் இடத்திலிருந்து நிருபர் ஜாபேஸின் அழைப்பு வந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு சுற்றையும் அவன் சொல்லச் சொல்ல, அவள் நோட்டில் எழுதிவந்தாள்.

"எக்கா, போட்டுராதிய. ரெண்டு மெஷின் இன்னும் எண்ணல."

அவள் போடவில்லை. அரைமணி நேரத்தில் முடிவு தலைகீழானது. எப்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நான்கு மணிக்கு ஜாபேஸ் வியர்க்க விறுவிறுக்க வந்தான்.

"மன்னிச்சிருங்க எக்கா. எம் போனை காலைலயே வாசல்ல வாங்கி வச்சுட்டாவ. ஒரு ரவுண்டுகூடச் சொல்ல முடியல."

அவன் கொண்டுவந்த அதிகாரப்பூர்வத் தாளோடு நோட்டை ஒப்பிட்டாள். பதினெட்டுச் சுற்றும் அப்படியே பொருந்தின.

அவள் நோட்டை மூடினாள்.

"அண்ணாச்சி, நாலு டீ சொல்லுங்க."

"மூணு பேருதானம்மா இருக்கோம்?"

"நாலு சொல்லுங்க."

டீ வந்ததும், நான்காவது டம்ளரை எப்சி தன் போனுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.