லிஃப்டுக்குள் ஒரு தொண்டை

ஒரே தொண்டையால் இரண்டு குரலில் பாடி, டொரொன்ரோவின் பனியையே உருக்கியவன் நான். அந்த மங்கோலியத் தொண்டைப் பாட்டை யூடியூப் பார்த்து ஒரே மத்தியானத்தில் கரைத்துக் குடித்தேன்.

“உது பாட்டில்லை, குறட்டை,” என்பாள் மனைவி கிளடிஸ்.

நேற்று எங்கள் வெக்ஸ்போர்ட் கட்டடத்தின் லிஃப்ட் நடுவழியில் நின்றது. கிளடிஸுக்கு மூச்சு முட்டியது.

“செபமாலை சொல்லுங்கோப்பா!”

தொண்டைப் பாட்டாகவே சொன்னேன். அடியில் உறுமல், மேலே விசில்.

“ஐயோ, நிப்பாட்டுங்கோ!”

வாயை மூடினேன். குரல் நிற்கவில்லை. லிஃப்ட் மறுபடி அசைந்து கதவு திறந்ததும் வெளியே பாய்ந்தோம். வெறும் லிஃப்ட் என் குரலில் செபித்துக்கொண்டே மேலே போனது.

அதன்பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. மகள் கரோலினுக்கு நடந்ததை எழுதிக் காட்டினேன்.

“அம்மா, அப்பா பகிடி விடுறார், என்ன?”

கிளடிஸ் சிரிக்கவில்லை. “இல்லைப் பிள்ளை, உண்மைதான். குப்பை போடப் போகேக்கையும் கேட்டனான். அப்பாவின்ர குரல் லிஃப்டுக்குள்ளதான் அடைபட்டுக் கிடக்குது.”