தாவீது பேரம் பேசவில்லை

மெக்கானிக் தணிகாசலம் மூன்று டப்பாக்களைத் தூக்கி வந்து கோணிப்பையின் மேல் வைத்தான்.

காருக்கு அடியில், சைலன்சர் குழாயில், புகையைச் சுத்தம் செய்ய ஒரு டப்பா இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கன்வெர்ட்டர் என்றான். எங்கள் காரில் அது உள்ளே அடைத்துக்கொண்டுவிட்டதாம். மேம்பாலம் ஏறினால் வண்டி திணறும். அழுகின முட்டை நாற்றம் வேறு.

"வண்டி மூச்சு வுட முடியாம கீதுண்ணா. இதுக்கு மேல ஓட்னா இன்ஜினே பூடும்" என்றான் தணிகாசலம்.

என் வீட்டுக்காரர் தாவீது குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்றையும் பார்த்தார். எனக்கு ஸ்டூல் போட்டார்கள். உட்காரவும் தோன்றவில்லை, நிற்கவும் தோன்றவில்லை.

காலையில் திருவள்ளூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக இந்த ஷெட்டுக்குத்தான் வந்தோம். அவருக்கு மாதக்கணக்கில் விடாத இருமல். ஆள் இளைத்து, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். டாக்டர் கூப்பிடுகிற நேரம் பார்த்து, தாகமாக இருக்கிறது, மோர் வாங்கி வா என்று இவர் என்னை அனுப்பிவிட்டார். நான் மோரோடு திரும்பும்போது வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. மாத்திர குட்துக்கிறாரு."

மோரை என்னையே குடிக்கச் சொன்னார். நானும் குடித்தேன். மேற்கொண்டு கேட்க எனக்குப் பயம். கேட்காதவரைக்கும் ஒன்றுமில்லைதானே.

தணிகாசலம் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒன்று உடைக்கப் போட்ட காரிலிருந்து கழற்றியது, ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். அடுத்தது டூப்ளிகேட், இரண்டு வருஷம் வரும். மூன்றாவது கம்பெனி ஒரிஜினல், பிரிக்காத அட்டைப் பெட்டியோடு.

இவர் எதை எடுப்பார் என்று எனக்குத் தெரியும், மலிவான முதல் டப்பாவைத்தான். தாவீதைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறவளுக்குத் தெரியாதா?

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் இல்லை. இவர் தனி ரகம். போட்ட காசு முழுக்க நமக்கே உழைக்க வேண்டும், அடுத்தவனுக்கு ஒரு நாள்கூட உழைக்கக் கூடாது என்பது இவருக்குப் பதினோராவது கட்டளை. பைக்கை விற்பது என்று முடிவானதும் நல்ல டயரைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த டயரை மாட்டியவர். வாடகை வீட்டைக் காலி செய்கிற மாதம் பல்பு ஃப்யூஸ் போனது. புது பல்பு போட்டால் வீட்டுக்காரனுக்கு லாபம் என்று மெழுகுவர்த்தியில் சோறு தின்னவைத்தார்.

காரும் அப்படித்தான். நான் முறையாகக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு நாள் ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை. நான் ஓட்டினால் கிளட்ச் பிளேட் போய்விடுமாம். குள்ளச்சிக்குக் கால் எட்டாது என்று சர்ச் வாசலில் நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரிப்பார்.

"இதுல எது ரொம்ப நாளு வரும்?" என்று கேட்டார்.

தணிகாசலம் அட்டைப் பெட்டியைத் தட்டினான். "இதாண்ணா. பத்து வர்சம் வரும். நீ பூட்டாகூட இது ஓடிக்கினே இருக்கும்."

தாவீது சிரித்தார். பாதிச் சிரிப்பிலேயே இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டுச் சொன்னார்.

"அதையே போடு."

விலையைக் கேட்டார். தலையை ஆட்டினார். பேரம் பேசவில்லை. தணிகாசலம்தான் மிரண்டுபோய் தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பத்து வருஷம் வருகிற பொருளைத் தாவீது வாங்குகிறார் என்றால், பத்து வருஷம் அதை வைத்து ஓட்டாமல் விடமாட்டார். காலாவதி தேதி பார்க்காமல் பிஸ்கட் வாங்காத மனுஷன். டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பசித்தது. போகிற வழியில் பிரியாணி வாங்கச் சொல்லலாம், இன்றைக்கு விட்டால் இந்த மனுஷனிடம் வேறு நாள் கிடைக்காது என்றுகூட நினைத்தேன்.

வேலை முடிந்தது. தணிகாசலம் வண்டியைக் கிளப்பிக் காட்டினான். நாற்றமில்லை, திணறலில்லை. இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

தாவீது டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். ஏறவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை இழுத்து, சீட்டை முன்னால் தள்ளினார். திரும்பி என் காலைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

பிறகு வண்டியைச் சுற்றிப் போய், நான் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"கிளட்ச்சு பிளேட்டு போனா போவுது. ஏறு ஏஞ்சலு."

நான் ஏறினேன். அழ வேண்டும் என்று தெரிந்தது, அழுகை வரவில்லை. கிளட்ச்சை மிதித்துப் பார்த்தேன்.

கால் எட்டியது.